பழைய கோவைகளை ஸ்கேன் பிரதியாகப் பெறும் சேவை: கொழும்பில் ஒரு திணைக்களம் பற்றி

நான் கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுநராக இருக்கிறேன். காணி, பிரஜாவுரிமை, வயது, ஓய்வூதியம் என்று எந்த வழக்கு வந்தாலும் கடைசியில் எங்கேயோ கிடக்கும் ஒரு பழைய தாளைத் தேடித்தான் போக வேண்டியிருக்கும். அந்தத் தேடும் வேலை என்னுடையது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் மலையகத்துக்காரர், தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலை புறக்கோட்டையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே அலுவலகத்துக்கு வருவார்கள். அவர்களை இன்னொரு நாள் வரச் சொல்வது எனக்கு மிகவும் கஷ்டமான விஷயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொழும்பில் உள்ள ஒரு திணைக்களம் தன்னுடைய பழைய கோவைகளையும் (ஃபைல்களையும்) பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து, பொதுமக்கள் திரையில் பார்த்துப் பிரதி எடுக்க ஒரு பிரிவைத் திறந்திருக்கிறது. திணைக்களத்தின் பெயரை இங்கே போடவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன். கவுண்டரில் இருப்பவர்கள் எங்களை நன்றாக நடத்துகிறவர்கள். அவர்களிடம் யாரும் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பக் கூடாது. இந்த வேலையாக அலைகிறவர்களுக்கு எந்த இடம் என்று படித்ததுமே தெரிந்துவிடும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்கிறேன்: போங்கள். முன்பு இருந்ததைவிட எவ்வளவோ மேல். முன்பெல்லாம் விண்ணப்பத்தைக் கொடுத்தால் பதிவறைக்கு ஒருவர் போவார், தூசியோடு திரும்பி வருவார், "கோவை இல்லை" என்பார். இல்லை என்றால் அழிந்துவிட்டதா, இடம் மாறிக் கிடக்கிறதா, வேறு கந்தோரில் இருக்கிறதா என்று கேட்கவும் முடியாது. இப்போது இல்லை என்ற பதிலையே திரையில் பார்க்கலாம்: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை ஸ்கேன் ஆகியிருக்கிறது, எந்தத் தொடர் இன்னும் ஸ்கேன் ஆகாமல் கட்டாகவே இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இந்தப் பட்டியலை நான் மிகவும் மதிக்கிறேன். இதைப் பார்த்தாலே பலருக்கு வீண் அலைச்சல் மிச்சமாகும்.

நடைமுறை எளிது. வாசலில் அடையாள அட்டையைப் பதிந்துவிட்டு மும்மொழிப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஒரு உத்தியோகத்தர் பக்கத்தில் உட்கார்ந்து தேடித் தருவார். கிடைத்தால் தாள் தாளாகப் பார்க்கலாம். வேண்டிய பக்கங்களைக் குறித்துக் கொடுத்து, சிறாப்பரிடம் (காசாளரிடம்) பணம் கட்டி, ரசீதோடு வந்தால் பிரிண்ட். கட்டணம் பெரிதில்லை. கதிரைகள் உண்டு, மின்விசிறி உண்டு, கழிப்பறை பூட்டாமல் இருக்கிறது. பதுளையிலிருந்து வரும் எழுபது வயதுக்காரருக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும்.

படங்களின் தரத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு காலம் இருக்கிறது. பிந்திய தொகுதி மிக அருமை. மேலிருந்து படம் பிடிக்கும் கமரா ஸ்கேனர், கோவையை முழுதாக மடக்காமல் பாதி திறந்தபடி வைக்கும் தாங்கி, நிறத்தைச் சரிபார்க்க ஓரத்தில் ஒரு சின்ன வண்ண அட்டை. ஸ்கேன் செய்யும் அறையைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். மாஸ்க் போட்ட இரண்டு பிள்ளைகள் துருப்பிடித்த குண்டூசிகளை மெல்ல நெம்பி எடுத்து, மென்மையான தூரிகையால் தூசி தட்டி, பென்சிலால் பக்க எண் போட்டு அடுத்த மேசைக்கு அனுப்புகிறார்கள். கொழும்பின் ஈரக் காற்றில் குண்டூசித் துரு தாளைச் சுற்றி வட்டமாக அரித்துவிடும். அந்த வட்டத்துக்குள் ஒரு எழுத்து இருந்தால் அது போனதுதான். அவர்கள் அவசரப்படாமல் செய்வதைப் பார்க்க மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது.

நிறத்தில் ஸ்கேன் செய்வதன் அருமை 1940களின், 50களின் கோவைகளைப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். அந்தக் காலத்து அலுவலகத் தாள் மரக்கூழில் செய்த மலிவுத் தாள், அமிலம் மிகுந்தது. தானாகவே பழுப்பேறி ஓரம் ஓரமாக உதிரும். தேசிய சுவடிகள் கூடத்தில் இருக்கும் ஒல்லாந்தர் காலத்துத் தாள்களோ பருத்தி, லினன் கந்தல்களில் செய்தவை. 1640 முதல் 1796 வரை அவர்கள் இங்கே எழுதிக் குவித்தவற்றில் பல, மை அரித்த இடங்கள் தவிர, எங்கள் பாட்டன் காலத்துத் தாளைவிட உறுதியாக நிற்கின்றன. அந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. காணி வழக்குக்காரர்கள் தோம்பு என்று சொல்லி மதிக்கும் பதிவேடுகளும் அந்தக் காலத்து வேலைதான். அவை காப்பாற்றப்பட வேண்டியவை, சந்தேகமே இல்லை. ஆனால் உடனே காப்பாற்ற வேண்டியவை எங்கள் தாத்தாக்களின் கார்பன் பிரதிகளும் ரோனியோ பிரதிகளும். அவற்றில் ஊதா மையில் இருப்பவை மங்கிக்கொண்டே போகின்றன. இந்தத் திணைக்களம் அவற்றை முதலில் எடுத்தது சரியான முடிவு.

முந்திய தொகுதிதான் என் பெரிய வருத்தம். தொடக்கத்தில் சாதாரண ஏ4 ஸ்கேனரில், கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார்கள். பழைய அரச கடிதங்கள் ஏ4 தாளில் எழுதப்பட்டவை அல்ல, புல்ஸ்காப். ஏ4 தாள் 11.7 அங்குல நீளம். புல்ஸ்காப் 13 அங்குலம், சிலது அதற்கும் மேல். அந்த ஒரு அங்குலத்துக்கு மேற்பட்ட பகுதி எங்கே போகிறது? பெரும்பாலும் தாளின் அடியில். அடியில் இருப்பது என்ன? கையொப்பம், திகதி, கிடைத்த திகதியிட்ட முத்திரை. விஷயம் எல்லாம் இருக்கிறது, ஆனால் யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பது இல்லை. அப்படிப்பட்ட ஒரு பிரதியை நீதிமன்றத்தில் காட்டி என்ன செய்வது? கறுப்பு வெள்ளை என்பதால் பென்சிலில் எழுதிய ஓரக் குறிப்புகளும் போய்விட்டன. "அனுமதிக்கலாம்" என்று ஒரு அதிகாரி பென்சிலில் எழுதியதுதான் சில கோவைகளில் முழு முடிவும்.

கேட்டால் மூலத் தாளை வரவழைத்து மறுபடி ஸ்கேன் செய்து தருகிறார்கள். இது பலருக்குத் தெரியாது. எனவே தாள் கீழே வெட்டுப்பட்டிருந்தால் "இவ்வளவுதான் போலிருக்கு" என்று எழுந்து வந்துவிடாதீர்கள். மறுஸ்கேன் வேண்டும் என்று அந்தப் படிவத்திலேயே எழுதுங்கள். அதற்குச் சில நாள் ஆகும், ஆனால் வருகிறது.

நிறத்தின் மதிப்பை எனக்குக் காட்டியவர் பொகவந்தலாவைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா. காணி விண்ணப்பக் கோவை ஒன்றைத் தேடி வந்தோம். அதற்குள் ஆதாரமாக, அவருடைய தகப்பனார் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அதாவது இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் போட்ட விண்ணப்பத்தின் கார்பன் பிரதி இணைக்கப்பட்டிருந்தது. அந்தச் சட்டப்படி 1946 ஜனவரி 1க்கு முன் இந்நாட்டில் இடைவிடாமல் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும்: திருமணமானவர்கள் 7 வருடம், மற்றவர்கள் 10 வருடம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. அதற்குள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது அவர்களில் சிறு பகுதியினருக்கு மட்டுமே. அந்தத் தாளின் அடியில் ஊதா மையில் ஒரு கைநாட்டு. உத்தியோகத்தர் அதைப் பெரிதாக்கிக் காட்டினார். ரேகைகள் கூடத் தெரிந்தன.

"இது எங்க அப்பா கைநாட்டா மகள்?" என்று என்னிடம் கேட்டார் அம்மா.

"ஆமா அம்மா, பக்கத்துல பேர் எழுதியிருக்கு பாருங்க."

அவர் திரையைத் தொடப் போய், தொடலாமா என்று உத்தியோகத்தரைப் பார்த்தார். அந்தப் பெண் சிங்களப் பிள்ளை, "தொடுங்க அம்மே" என்று தமிழிலேயே சொன்னாள். அந்த அம்மாவிடம் தகப்பனாரின் புகைப்படம் ஒன்று கூட இல்லை. கறுப்பு வெள்ளைத் தொகுதியில் இந்தத் தாள் விழுந்திருந்தால் அந்த ஊதா வட்டம் ஒரு கரிப் பொட்டாகத்தான் வந்திருக்கும். ரேகையை நிபுணர் ஒப்பிடும் நிலை வந்தால் அங்குலத்துக்கு 500 புள்ளி வேண்டும் என்பார்கள். இங்கே 300தான் எடுக்கிறார்கள். எழுத்துக்கு அது போதும். கைநாட்டு உள்ள பக்கங்களை மட்டுமாவது கூட்டி எடுத்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறேன்.

இனி இந்தச் சேவையின் உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே வருகிறேன்: சுட்டி, அதாவது பெயரை வைத்துக் கோவையைத் தேடும் பட்டியல். எத்தனை அழகாக ஸ்கேன் செய்தாலும், பெயரைத் தட்டினால் கோவை வர வேண்டும். வராவிட்டால் அது தாள் கட்டுக்குள் கிடந்ததற்கும் கம்பியூட்டரில் கிடப்பதற்கும் எங்களுக்கு வித்தியாசம் இல்லை. இங்கே சுட்டியைக் கோவை அட்டையில் இருந்தபடி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். தோட்டத்துக் கிளார்க் ஒருவர் 1938இல் தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர். கறுப்பையா என்ற ஒரே மனிதர் ஒரு தாளில் 'கே' எழுத்திலும் இன்னொரு தாளில் 'சி' எழுத்திலும் தொடங்குவார்; நடுவில் ஒரு 'பி' இருக்கும், இரண்டு இருக்கும். கம்பியூட்டர் சரியாக அந்த எழுத்துகளைத்தான் தேடும். நான் வாடிக்கையாளர்களின் பெயர்களுக்கு முன்கூட்டியே எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போகிறேன். உத்தியோகத்தரும் சலிக்காமல் ஒவ்வொன்றாகத் தட்டுகிறார்.

அதோடு, படிவத்தில் குடும்பப் பெயர், மற்றப் பெயர் என்று இரண்டு கட்டம். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? முத்துசாமி மகன் ராமசாமி சில கோவைகளில் முத்துசாமியின் கீழும், சிலதில் ராமசாமியின் கீழும் கிடக்கிறார். பெண்களின் நிலை இன்னும் மோசம்: கல்யாணத்துக்கு முன் தகப்பன் பெயரில், பின் புருஷன் பெயரில், சில இடத்தில் இருவர் பெயரிலும் இல்லாமல் "மனைவி" என்று மட்டும். ஒரு கட்டத்தில் கிடைக்காவிட்டால் இரண்டையும் மாற்றிப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் நிறையக் கோவைகள் இப்படித்தான் கிடைத்தன.

இன்னொரு குறை: சுட்டியில் கோவை அட்டைப் பெயர் மட்டுமே உண்டு, உள்ளே இணைக்கப்பட்டவை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மேலே சொன்ன அம்மாவின் தகப்பனார் விண்ணப்பத்தை யாரும் பெயரால் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது. நாங்கள் வேறொன்றைத் தேடியதால் கண்ணில் பட்டது. கையெழுத்தைத் தானாக வாசிக்கும் மென்பொருளை நம்ப முடியாது. தட்டச்சு செய்த ஆங்கிலத்தை வாசிக்கும், அச்சிட்ட தமிழையும் ஓரளவுக்கு வாசிக்கும், ஆனால் பழைய கூட்டெழுத்துக் கையெழுத்துக்கு ஆள்தான் வேண்டும். தமிழ் தெரிந்த இரண்டு பேரை ஒரு வருடம் உட்கார வைத்தால் பெயர்களைத் தமிழ் எழுத்திலும் சேர்க்கலாம், இணைப்புகளையும் குறிக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் தன்னார்வலர்களை வைத்தே தமிழில் பட்டியல் போட்டுக் காட்டியிருக்கிறது. அரச திணைக்களத்துக்கு அது முடியாதது இல்லை.

மொழி பற்றி ஒன்று. கவுண்டரில் தமிழ் பேசுகிறவர் எல்லா நாளும் இருப்பதில்லை. படிவம் தமிழில் இருக்கிறது, பதில் கடிதம் சில வேளை சிங்களத்தில் மட்டும் வருகிறது. 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தின்படி தமிழில் பதில் பெறுவது நம் உரிமை. நான் படிவத்தின் மேலேயே "தமிழில் பதில் தரவும்" என்று எழுதிவிடுகிறேன், அப்படி எழுதினால் தமிழில் வருகிறது.

பிரிண்டை வாங்கும்போது கவனிக்க வேண்டியது: வழக்குக்கு என்றால் வெறும் பிரிண்ட் போதாது, உறுதிப்படுத்திய பிரதி வேண்டும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவின்படி, ஆவணத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் உத்தியோகத்தர் "உண்மைப் பிரதி" என்று எழுதி, திகதியிட்டு, கையொப்பமிட்டு, தன் பெயரையும் பதவியையும் எழுத வேண்டும். முத்திரை பாவிக்கும் அதிகாரம் இருந்தால் முத்திரையும் வைக்க வேண்டும். இங்கே அவசரத்தில் முத்திரையும் கையொப்பமும் மட்டும் போட்டுத் தருகிறார்கள். பெயரும் பதவியும் எழுதித் தரச் சொல்லி அந்த இடத்திலேயே கேளுங்கள். மறுப்பதில்லை.

ஸ்கேன் முடிந்த மூலக் கோவைகளை என்ன செய்கிறார்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன். இடமில்லை, ஸ்கேன் பண்ணியாச்சு, இனி எதுக்கு என்று ஒருவர் சொன்னது என் வயிற்றைக் கலக்கியது. மூலத்தை வீசிவிட்டால் அந்த ஏ4 வெட்டுகளை எப்படிச் சரி செய்வது? கையெழுத்து போலி என்று எதிர்த்தரப்பு சொன்னால் எதைக் காட்டுவது? 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க தேசிய சுவடிகள் கூடச் சட்டப்படி அரச ஆவணங்களைத் திணைக்களங்கள் தங்கள் இஷ்டத்துக்கு அழிக்க முடியாது. தேசிய சுவடிகள் பணிப்பாளரின் அனுமதி வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமும் ஆவணங்களை இலத்திரனியல் வடிவில் பேணச் சொல்கிறது. அதே பிரிவில், அந்தச் சட்டம் வரும்போது இருந்த ஆவணங்களை 10 வருடத்துக்குக் குறையாமலும், புதிதாக உருவாகுபவற்றை 12 வருடத்துக்குக் குறையாமலும் வைத்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பிரிவின் பொறுப்பாளர் எனக்குச் சொன்னது, மூலங்களைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறோம், ஒன்றும் போகவில்லை என்று. அவர் சொல்லை நம்புகிறேன். அதை எழுத்தில் அறிவிப்புப் பலகையில் போட்டால் இன்னும் நல்லது.

பிரதிகள் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2023 ஆகஸ்டில் அரச கிளவுட் (அரசின் இணையச் சேமிப்பு) மீது, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தபோது, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதலான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. இணையத்தில் இணைக்காத காப்புப் பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணத்தில் எரிந்த நூலகத்துக்கும் இரண்டாவது பிரதி இருக்கவில்லை. தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இங்கே ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியே இருப்பதாகச் சொல்கிறார்கள். நல்லது.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். கோவை இலக்கம் எந்தப் பழைய கடிதத்தின் தலையிலாவது இருந்தால் அதைக் கொண்டு போங்கள், பெயரைவிட இலக்கத்தில் தேடுவது பல மடங்கு எளிது. தோட்டத்தின் பெயரை ஊர்ப் பெயரோடு அதன் ஆங்கிலப் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோவையில் இருப்பது ஆங்கிலப் பெயர். பெரியவர்களை அழைத்துப் போனால் காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள், மதியத்துக்குப் பின் பிரிண்ட் தாமதமாகும். ஒன்றும் கிடைக்காவிட்டால் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பத்தை அங்கேயே தகவல் அதிகாரியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தின் அடிப்பகுதியையும் திரையில் பாருங்கள். கட்டிய பிறகு வெட்டுப்பட்டதைக் கண்டால் புது விண்ணப்பம் போடச் சொல்வார்கள்.